குண்டகாயில் நின்ற கார்

மெல்போர்னில் நான் ஆறு நிமிடம் பேசினேன். அந்த ஆறு நிமிடத்துக்காக, அதுவரை என்னைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு மனிதர் தமக்கு வரவேண்டிய ஒரு கடிதத்தை இழந்தார். ஆஸ்திரேலியாவில் பதினொரு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறாயே, எழுதேன் என்று கேட்டவர்கள் கடற்கரையையும் கங்காருவையும் எதிர்பார்த்திருப்பார்கள். இரண்டையும் பார்த்தேன். கங்காரு நெடுஞ்சாலை ஓரத்தில் செத்துக் கிடந்தது. எழுதத் தக்கதாக எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கோபம். அதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நகரங்களில் இரண்டு பட்டிமன்றங்கள். தலைப்பு ஒன்றே: மனிதரிடம் நல்லதையே எதிர்பார்ப்பது அறிவா, அறியாமையா? மெல்போர்னில் நான் அறியாமை அணி. ஆறு நாள் கழித்துச் சிட்னியில் அறிவு அணி. இதில் எனக்குக் கூச்சம் ஏதும் இருக்கவில்லை. திருச்சியில் கல்லூரி முதலாண்டிலிருந்து எந்த அணியில் உட்கார வைத்தாலும் அந்த அணிக்குத் தீர்ப்பு வாங்கித் தந்தவள் நான். வழக்கறிஞருக்கு அது தொழில் என்றால் பேச்சாளருக்கும் அது தொழில்தான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை இறங்கினேன். பெட்டியில் என்னென்ன உணவு இருக்கிறது என்று விமானத்திலேயே படிவத்தில் எழுதியிருந்தேன். சுங்கப் பகுதியில் நின்ற பெண் அலுவலர் அதைப் படித்தார், மாவடு ஜாடியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், வேறேதும் உண்டா என்றார், இல்லை என்றேன், போகலாம் என்றார். எனக்கு வியப்பாகிவிட்டது. நான் பிறந்ததை நிரூபிக்கவே எங்கள் ஊரில் ஓர் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து வேண்டும். அந்த அதிகாரிக்கு என்னைத் தெரியாது, அவர் கையெழுத்துப் போடும் நகலையும் அவர் படிப்பதில்லை. இருந்தாலும் என் சொல்லைவிட அவர் முத்திரை பெரிது. இங்கே இல்லை என்ற ஒரு சொல்லுக்காக வாசல் திறந்தது.

நோபல் பார்க்கில் பிலோமினா அன்ரியின் வீட்டில் தங்க ஏற்பாடு. மன்னாரிலிருந்து வந்து முப்பது ஆண்டு ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கட்டில் வேலை. கணவர் இல்லை. மகள் பெர்த்தில். வீட்டின் கராஜை அறையாக்கி, யூட் என்ற மன்னார்க்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான் போன அன்று கராஜும் காலி, அன்ரியின் காரும் இல்லை.

"யூட் சிட்னிக்குப் போட்டான் பிள்ளை. அங்க வில்லாவுட் தடுப்பு முகாமில அவன்ர சிநேகிதன் ஒருத்தனை அடைச்சு வைச்சிருக்கினம். பஸ்ஸில போகப்போறன் எண்டவன். காரைக் கொண்டு போ எண்டு நான்தான் சொன்னனான்" என்றார். வியாழன் காலை புறப்பட்டவர். போய்ச் சேர்ந்ததும் பேசுவதாகச் சொன்னவர். ஒரு நாளுக்கு மேல் ஆகியும் பேசவில்லை, தொலைபேசியும் அணைந்திருந்தது.

அன்று மாலை அந்தத் தெருவில் நடந்தேன். பாதி வீட்டு வாசல்களில் பார்சல் பெட்டிகள் கிடந்தன. காலையில் வண்டிக்காரர் வைத்துவிட்டுப் போனதாம், வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து எடுப்பாராம். ஒன்றில் கைப்பேசியின் படம்கூடப் போட்டிருந்தது. ஒருவரும் தொடவில்லை. இந்த நாட்டைப் புகழச் சிட்னிக் கூட்டத்துக்கு ஒரு வரி கிடைத்தது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் போகும் பேச்சாளர் எல்லாருக்கும் அது உண்டு. கூட்டத்துக்கு முந்தின நாள் உபசரிப்பவர்களைப் பேசவிட்டுக் கேட்பது, அந்த ஊரின் தெருப்பெயர், கடைப்பெயர், அங்கே நடந்த ஒரு கதை, மூன்றையும் குறித்துக்கொள்வது, மறுநாள் மேடையில் அவர்கள் கதையை அவர்களுக்கே திருப்பித் தருவது. பெயர் மட்டும் சொல்லக் கூடாது. பெயர் சொல்லாவிட்டால் பாவம் இல்லை என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. அதை நான் முழுதாக நம்பினேன்.

சனிக்கிழமை, என்னை அழைத்திருந்த தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் மகேந்திரன் அங்கிள் என்னைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு அழைத்துப் போனார். ஓய்வு பெற்ற பொறியாளர், யாழ்ப்பாணத்துக்காரர், ஓயாமல் பேசுபவர். வயல்வெளி போன்ற பரப்பில் கோபுரம் நிமிர்ந்து நின்றது. உணவுக்கூடத்தில் வாங்கிய தோசை திருச்சியில் சாப்பிடுவதைவிட இரண்டு மடங்கு தடிமன். அதை நான் சொன்னதற்கு, "இங்கத்தைக் குளிருக்கு மெல்லிய தோசை சரிவராது பிள்ளை, தோசையும் போர்த்திக்கொண்டுதான் இருக்கும்" என்றார். திரும்பும் வழியெல்லாம் யூட்டைப் பற்றியே பேசினார். யூட் படகில் வந்தவர். வில்லாவுட்டில் இருந்து வெளியே வந்தபின் பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் ஆறு ஆண்டாக இழுபடுகிறார். இப்போது அவருடைய வழக்கு மறுபடி பார்வைக்கு வருகிறது. அவரை நன்றாக அறிந்த குடியுரிமைக்காரர்கள் அவர் குணத்துக்குச் சான்று எழுதித் தந்தால் வழக்கை நடத்தும் லோயர் கோப்பில் சேர்ப்பார். இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்களோடு நாள் முடிகிறது. நோபல் பார்க்கில் பல் வைத்தியம் பார்க்கும் சிவஞானம் அங்கிள் எழுதித் தருவதாகச் சொல்லி, வரைவும் காட்டியிருந்தார். இவ்வளவும் சொல்லிவிட்டு மகேந்திரன் அங்கிள், "அப்பிடிப்பட்ட நேரத்தில காரோட போட்டான் பாத்தியளே" என்று முடித்தார்.

அன்று வெயில் இறங்கும் முன்பே சாப்பிட உட்கார்ந்தோம். புட்டு, மீன் குழம்பு, சொதி. மகேந்திரன் அங்கிளும் இருந்தார். சமையலறையிலிருந்து வந்த அன்ரி, மன்னாரிலிருந்து தம் தங்கை அனுப்பிய குரல் செய்தியை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

"அக்கா, யூட்டின்ர அம்மா வந்து சொல்லிப்போட்டுப் போறா. கார் வழியில கொதிச்சு நிண்டிட்டுதாம். குண்டகாய் எண்டொரு இடமாம். சாமான் வரச் செவ்வாய் ஆகுமாம். போன் எஞ்சினுக்குள்ள விழுந்து பழுதாம். உங்களைப் பயப்பட வேண்டாமாம்."

மகேந்திரன் அங்கிள் புட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். இங்கே ஐந்து மணி நேரத் தூரத்தில் நிற்பவன் மன்னாருக்கு ஏன் பேச வேண்டும், பிலோமினாவுக்கு நேரே பேசினால் என்ன என்று கேட்டார். எனக்கும் அது சரியான கேள்வியாகவே பட்டது. பொய் சொல்பவர்கள்தான் இத்தனை வளைவு வைத்துச் சொல்வார்கள் என்று நானும் ஒத்துப் பாடினேன்.

"அவனுக்குத் தாயின்ர நம்பர் மட்டும்தான் பாடம்" என்றார் அன்ரி. "வருவான். நீங்கள் புட்டுக்குக் குழம்பை விடுங்கோ."

நான் குறிப்பேட்டை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்திருந்தது. அன்ரிக்கு வேலை நாள், வரவில்லை. நடுவர் என் பெயரை அழைத்ததும் எழுந்து, அவையை வணங்கி, முதல் இரண்டு நிமிடத்தைக் கருத்துக்குக் கொடுத்தேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்தேன். "இதே நோபல் பார்க்கில் ஓர் அன்னை. நம்பினார், காரைக் கொடுத்தார். கார் வரவில்லை, கதை வந்தது. எங்கிருந்து வந்தது? மன்னாரிலிருந்து! கத்தரிக்காய் கேள்விப்பட்டிருக்கிறேன், வெண்டைக்காய் கேள்விப்பட்டிருக்கிறேன், அவையோரே, இந்தக் குண்டகாய் எந்தக் கொடியில் காய்க்கிறது?"

மண்டபம் அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவரைப் பார்த்து அடுத்த வரியை வீசினேன். மேடையில் யார் நன்றாகச் சிரிக்கிறாரோ அவரைப் பார்த்துப் பேசுவது வழக்கம். தீர்ப்பு எங்களுக்கு வந்தது. பெயரை நான் சொல்லவே இல்லை. முந்நூறு பேர் கொண்ட அந்த மண்டபத்தில் நோபல் பார்க் அன்னை, மன்னார், கார் என்ற மூன்றையும் கேட்டபின் பெயர் தெரியாதவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை நகரத்துக்குப் போய் ட்ராமில் சுற்றினேன். நடத்துநர் இல்லை. பயண அட்டையால் தொட வேண்டிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. தொட்டவர்கள் தொட்டார்கள், தொடாமல் ஒன்றிரண்டு பேர் உட்கார்ந்தார்கள், யாரும் யாரையும் முறைக்கவில்லை. எதிரே இரண்டு மூதாட்டிகள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தனர். பக்கத்து வீட்டுக்காரன் தன் நாயை இவர்களில் ஒருவரிடம் விட்டுவிட்டு மூன்று வாரம் வெளியூர் போயிருக்கிறானாம். "அவன் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது" என்று ஒருத்தி சொல்ல, "நாய்க்கு உன்னைத் தெரியும், போதாதா?" என்றாள் மற்றவள். சிட்னிக்கு இன்னொரு வரி என்று மகிழ்ந்தேன்.

மாலை வீடு திரும்பியபோது அன்ரி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீர் பேசினது நல்லாயிருந்ததாம் பிள்ளை" என்றார். "சிவஞானம் எடுத்தவர். நல்லாச் சிரிச்சவராம். அந்தக் கடிதம் இப்ப வேண்டாம், விடுவம் எண்டு சொல்லுறார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். பதில் பேசுவதில் எனக்குப் பயிற்சி உண்டு. அவர் சீனிப் போத்தலை என் பக்கம் நகர்த்திவிட்டு உடை மாற்றப் போய்விட்டார். மூன்றாம் வரிசை வெள்ளைச் சட்டைக்காரர் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றிரவு எனக்கு வந்த கோபம் முழுவதும் யூட்டின் மேல்தான். அவர் காரைக் கொண்டு போகாமல் இருந்திருந்தால், ஒழுங்காகப் பேசியிருந்தால், இந்தப் பழி என்மேல் விழுந்திருக்குமா? செவ்வாய்க்கிழமை மகேந்திரன் அங்கிள் தம் மகளைப் பார்க்கச் சிட்னிக்குக் காரில் போனார், என்னையும் ஏற்றிக்கொண்டார். போகும் வழியில்தான் குண்டகாய். நிறுத்திப் பார்ப்போம் என்று நான்தான் கேட்டேன். அந்தப் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் என் பேச்சு குற்றமற்றதாகிவிடும் என்பது என் கணக்கு. கார் அங்கே நின்றால் சிட்னியில் தோசை தாம் வாங்கித் தருவதாக அங்கிள் பந்தயம் கட்டினார். நான் எதிர்ப்பந்தயம் கட்டவில்லை, என் நம்பிக்கையும் அவர் பக்கமே இருந்தது.

அந்தச் சிற்றூரில் விசாரித்துப் போன இரண்டாவது பட்டறையிலேயே கார் நின்றது. முன்மூடி திறந்திருந்தது. கண்ணாடியில் மன்னார் மடு மாதா படம். பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் நீண்ட துடைப்பத்தால் பட்டறைத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். செந்தாடி வைத்த பட்டறைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஆங்கிலத்தில், "இவருடைய ஆட்களா நீங்கள்? நல்லதாகப் போயிற்று. வெள்ளிக்கிழமையிலிருந்து என் கடையைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறார். போதும் என்றால் கேட்பதில்லை. என் மனைவி இதைப் பார்த்துவிட்டு என்னைக் கேள்வி கேட்கிறாள்" என்றார்.

யூட் காரிலேயே ஐந்து இரவு தூங்கியிருந்தார். பஸ் பிடித்திருக்கலாமே என்றதற்கு, அன்ரியின் காரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார். அம்மாவின் எண் தவிர எதுவும் நினைவில் இல்லாததால் பட்டறைத் தொலைபேசியில் மன்னாருக்கு ஒருமுறை பேசியிருந்தார். அந்த மனிதரிடம் வெளிநாட்டுக்கு இரண்டாம் முறை பேசக் கேட்க மனம் வரவில்லை, செய்திதான் சேர்ந்துவிட்டதே என்று இருந்துவிட்டார். சேர்ந்தது. சேர்ந்த செய்தியைக் குழம்போடு வைத்துச் சிரித்தவர்கள் நாங்கள்.

என் கைப்பேசியில் அன்ரியோடு பேசக் கொடுத்தேன். பேசி முடித்துத் திருப்பித் தந்தபோது, அன்ரி சொல்லாமல் விட்டதை நான் சொன்னேன். நான் யார், மேடையில் என்ன பேசினேன், கடிதம் என்ன ஆயிற்று, எல்லாம். என் வாழ்நாளில் இவ்வளவு மோசமாக நான் பேசியதில்லை.

யூட் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "சனம் சிரிச்சதோ?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"அப்ப மறக்காதுகள்" என்றார்.

அங்கேயே நின்று சிவஞானம் அங்கிளுக்குப் பேசினேன். காரைக் கண்ணால் பார்க்கிறேன், யூட் என் எதிரில் நிற்கிறார், அன்று சொன்னது முழுத் தவறு என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் சொன்னது உண்மை மாதிரித்தான் இருந்தது. சனிக்கிழமை சிட்னியில மற்றப் பக்கமாமே? அதுக்கு இப்பவே ஒத்திகையோ?"

எந்தப் பக்கமும் பேசுவேன் என்று நான் மார்தட்டியதெல்லாம் ஒரே கேள்வியில் என்மேல் திரும்பி விழுந்தது. மகேந்திரன் அங்கிளிடம் கைப்பேசியை நீட்டினேன். நீங்களும் பார்த்தீர்களே, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கேன் பிள்ளை? நாளைக்கு வேறேதும் நடந்தால் என்னையெல்லோ பிடிப்பினம்." கார் போய்விட்டது என்று சொல்ல அவருக்குச் சான்று வேண்டியிருக்கவில்லை. கார் நிற்கிறது என்று சொல்ல, எதிரே நிற்கும் கார் போதவில்லை.

மீதி வழியில் அவரோடு நான் பேசவில்லை. சிட்னியில் தோசை வாங்கித் தந்தார், பந்தயத்தில் நாணயமானவர். அந்தத் தோசையை வேண்டாம் என்று சொன்னேன். சின்னத்தனம்தான். இன்றும் அதற்காக வருந்தவில்லை.

சிட்னியில் துங்காபியில் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் என்னை வைத்துக்கொண்டது. அன்பானவர்கள், இட்லியும் சட்னியுமாகக் கவனித்தார்கள். பாலத்தையும் சங்குபோல் நிற்கும் அரங்கத்தையும் காட்டினார்கள். அங்கே சுற்றுலாப் படகில் ஏறிய நூறு பேரும் முன்பின் தெரியாதவர்களிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள், எல்லோருக்கும் கைப்பேசி திரும்பக் கிடைத்தது. வேறொரு நாளாக இருந்தால் குறிப்பேடு நிறைந்திருக்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாசலில் கிடக்கும் பெட்டியை நம்புகிறோம், பெயர் தெரியாதவனின் நாயை நம்புகிறோம், படகில் நிற்கும் அந்நியனை நம்புகிறோம். ஆறு ஆண்டாக நம் கண்முன் நடமாடுகிறவன் ஒரு நாள் போன் எடுக்காவிட்டால், கார் போனது போனதுதான்! நம்மவர்களைப் பற்றி நமக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொல்கிறோம். தெரிந்தது என்ன? மோசமானதை முதலில் நினைத்தவன் கெட்டிக்காரன் என்ற ஒன்றுதான். நல்லதை நினைத்து ஏமாந்தவரை ஊரே பெயர் சொல்லிச் சிரிக்கிறது. கெட்டதை நினைத்து ஏமாந்தவரிடம், அது ஏமாற்றம் என்றுகூட யாரும் சொல்வதில்லை. மகேந்திரன் அங்கிளின் கணிப்பு முழுதாகப் பொய்த்தது. ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அந்தக் கோபத்தோடு மேடை ஏறினேன். கார் சரியாகி வில்லாவுட்டில் நண்பரையும் பார்த்துவிட்ட யூட், அன்ரி சொன்னதன் பேரில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் தயாரித்த எதையும் பேசவில்லை. ஆறு நாள் முன் மெல்போர்னில் நான் ஒரு மனிதரைப் பற்றித் தவறாகச் சொன்னேன், அவர் சொன்னது அத்தனையும் உண்மை, காரை நானே பார்த்தேன், என் சிரிப்புக்காக அவருக்கு வரவேண்டிய சான்று நின்றுபோயிருக்கிறது, இந்த அவையில் அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். எதுகை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை.

கைதட்டல் மெல்போர்னைவிடப் பெரிதாக எழுந்தது. நடுவர் ஒலிவாங்கியை இழுத்து, "எதிரணியில் இருந்தபோது சொன்ன கதையையே எடுத்து இந்த அணிக்கு ஆயுதமாக்கிய உத்தியைப் பாருங்கள்! கண்ணீர்கூட வரவழைத்தார்!" என்றார். மறுபடி கைதட்டல். இது உத்தி இல்லை ஐயா என்று எழுந்து சொன்னேன். அதற்குச் சிரித்தார்கள். தீர்ப்பு எங்களுக்கே வந்தது. அந்த நினைவுப் பரிசை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

வெளியே யூட் தேநீர்க் கோப்பையோடு நின்றார். மேடையால் ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவர் மெல்போர்ன் திரும்புகிறார், திங்கட்கிழமை கடைசி நாள். என் விமானம் திங்கள் இரவு சிட்னியிலிருந்து. அதை மெல்போர்னிலிருந்து என்று மாற்றிக்கொண்டு, அவரோடு காரிலேயே வந்து சிவஞானம் அங்கிளை நேரில் பார்க்கிறேன் என்றேன்.

"வேண்டாம் தங்கச்சி" என்றார் உடனே. "ஒன்பது மணித்தியாலம் ஒரு பொம்பிளைப்பிள்ளையை நான் தனியக் கூட்டிக்கொண்டு வந்தனெண்டால், காரை விட்டுட்டு அதைக் கதைப்பினம்."

உலகத்தின் மேல் இத்தனை கோபத்தோடு இருந்த எனக்கு அவரிடமும் கோபம் வந்தது. அன்ரி மாதிரி நல்லதையே எதிர்பார்க்கத் தெரியாதா என்று கேட்டேன். "அன்ரிக்கு இந்த நாட்டுச் சிற்றிசன்ஷிப் இருக்கு" என்றார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஒரே ஊரிலிருந்து ஒரே வீட்டுக்கு இரண்டு வழியாகப் போனோம். அவர் அந்தக் காரில் தனியாக, பக்கத்து இருக்கை காலியாக. நான் பகல் ரயிலில். பாதி வழியில் தண்டவாள வேலை என்று இறக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் ஓட்டுநர் வழியில் ஓரிடத்தைத் தவறவிட்டு, பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போய் ஒரு கிழவரை இறக்கினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊரில் பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். பத்துப் பதினோரு மணி நேரம் கழித்து நான் நோபல் பார்க் வந்து சேர்ந்தபோது யூட் குளித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். என் அம்மா திருச்சியிலிருந்து பேசி, ரயிலில் வந்ததே சரி என்று பாராட்டினார். வயிற்றெரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பல் வைத்தியசாலை திறந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தேன். யூட் வெளியே நின்றார். இரண்டு நோயாளிகளுக்கு இடையில் சிவஞானம் அங்கிள் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். நாற்காலியைக் காட்டினார். மேடைப் பேச்சு வேண்டாம் என்று முதலிலேயே கையைக் காட்டிவிட்டார். பல ஆண்டுக்கு முன் வேறொருவருக்கு இப்படி எழுதிக் கொடுத்து, அந்த ஆள் சொன்னதெல்லாம் பொய்யாகி, குடிவரவு அதிகாரிகள் தம்மை அழைத்துக் கேட்டார்களாம். அதற்குப் பிறகு யாருக்கும் எழுதாதவர் யூட்டுக்குத்தான் முதன்முதலாக ஒப்புக்கொண்டிருந்தார். இதை அவர் சொன்ன விதத்தில் பெருமை இல்லை, பயம் இருந்தது. அதைக் கேட்டபின் அவரை வெறுப்பது எனக்குக் கடினமாகிவிட்டது. அதுவும் எரிச்சல்தான்.

"கண்டதை மட்டும் எழுதித் தாரும்" என்றார். "நீர் என்ன நினைச்சனீர் எண்டது வேண்டாம்."

எழுதினேன். இன்ன நாளில் இன்ன ஊரில் இன்ன காரைப் பார்த்தேன். பட்டறைக்காரர் இவ்வாறு சொன்னார். என் பெயர், என் கடவுச்சீட்டு எண். முதல் தாளில் நேர்மை என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது. மூன்றையும் அவர் பேனாவால் வெட்டினார். இரண்டாம் தாளில் ஏழு வரி மிஞ்சியது. அதைப் படித்துவிட்டுக் கணினியில் தம் பழைய வரைவைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறு ஆண்டாக அறிவேன் என்று ஒரு வரி. கோயில் திருவிழாவிலும் தேவாலய வேலையிலும் உழைப்பவர் என்று ஒரு வரி. என் பிள்ளைகளை இவரிடம் விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு நம்புகிறேன் என்று கடைசியில் ஒரு வரி. சுட்டியைக் கடைசி வரியில் வைத்தார். பிறகு அதை அழித்து, இவரைப் பற்றி நான் தவறாக எதுவும் அறியேன் என்று எழுதி, அச்செடுத்துக் கையெழுத்திட்டார்.

"அங்கிள், அந்தக் கடைசி வரி..." என்றேன்.

"இதுவே பெரிசு பிள்ளை" என்றார். அடுத்த நோயாளியை அழைத்தார்கள்.

வெளியே வெயிலில் யூட் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பழைய வரைவை அவரும் பார்த்தவர். எது போயிற்று என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இருங்கண்ணே, உள்ள போய்ப் பேசிட்டு வர்றேன். அந்த வரியையும் வாங்கிடலாம்" என்றேன். சொற்கள் எனக்கு வரிசையாக வந்து நின்றன. அவருக்கு மறுக்க முடியாத வாதங்கள் நான்கு என்னிடம் இருந்தன.

யூட் கடிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டினார்.

"வேண்டாம் தங்கச்சி. இன்னொருக்காக் கதைச்சால் மிச்சத்தையும் யோசிப்பார்."

லோயரின் அலுவலகம் நான்கு மணிக்குப் பூட்டிவிடும் என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். நான் உள்ளே போகவில்லை.